ஏவலா, வேவா?

சென்ற மாதம் நாமக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதுமையும் தொழில்நுட்பமும் பற்றிய கருத்தரங்கு நடந்தது. பேசவந்த பொறியாளர் நல்ல பேச்சாளர். இன்னும் 20 ஆண்டுகளில் முதியவர் எவரும் எவரையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை என்றார். சுவர் பார்த்துக்கொள்ளும், தரை விழுதலை உணரும், படுக்கை மூச்சை எண்ணும், ரோபோ மாத்திரையை நீட்டும், பேச்சுத்துணைக்கும் அதுவே இருக்கும், பிள்ளைகள் உலகின் எம்மூலையிலிருந்தும் கைபேசியைத் திறந்து பெற்றோரைக் கவனித்துக்கொள்ளலாம். அரங்கு அதிரக் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த தமிழ்த்துறைக்காரர்கள் நாங்களும் தட்டினோம். அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

இயந்திரம் என்றாலே முகம் சுளிக்கும் புலவர் கூட்டம் என்று எங்களை ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் தலைமுறை வாசகருக்கு வீட்டு ரோபோவைப் பழக்கிவைத்தவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா'வில் வரும் பேசும் இயந்திர நாய் ஜீனோவை விரும்பாதவர் எங்களில் ஒருவருமில்லை. எங்கள் வழக்கு இயந்திரத்தோடு அன்று; அது யாருக்குக் கட்டுப்பட்டது என்பதோடு. முதியவர் சொன்னதைச் செய்யும் கருவி ஒன்று. முதியவரைப் பற்றிப் பிறருக்குச் சொல்லும் கருவி மற்றொன்று. முன்னது ஏவல், பின்னது வேவு. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து, 'தற்சார்பு வாழ்வு' என்று மேலே எழுதி விற்கிறார்கள்.

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. பாட்டில் அவர் சொன்ன ஊன்றுகோலே பெயராக நின்றுவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார். பூண் கட்டிய தலையையுடைய கோல் என்பது பொருள். இளமையில் மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிவந்தவர், இருமலுக்கிடையே பேசும் கிழவராகக் கோலூன்றி நிற்கிறார். வகுப்பில் மாணவர்கள் இவ்விடத்தில் இரங்குவார்கள். நாங்கள் வேறொன்றையும் சொல்வதுண்டு. அந்தக் கோல் கிழவர் போன திசையில்தான் போயிற்று. அவர் எங்கே போனார், எத்தனை முறை இருமினார் என்று அது எவரிடமும் போய்ச் சொல்லவில்லை. முதியோருக்கான துணைக்கருவியின் இலக்கணம் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி எங்கள் சமவெளிக்கு வருவோம். சேலத்திலிருந்து இராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று விரியும் இந்நிலத்தில் ஊருக்குள் வீடு ஒரு கூறென்றால், காட்டுக்கு நடுவே தனித்து நிற்கும் தோட்டத்து வீடு மறுகூறு. அடுத்த வீட்டுக்குப் போக ஒரு குச்சிக்கிழங்குக் காட்டைக் கடக்க வேண்டும். ஆண்கள் லாரியோடும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடும் வடநாடெங்கும் போய்வந்த பகுதி இது. ஆகவே பிரிவு எங்களுக்குப் புதிதன்று. ஆனால் அவர்கள் திரும்பி வந்தார்கள். பொறியியல் படித்துப் போனவர்கள் பொங்கலுக்குத்தான் வருகிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயது கடந்தவர் 100க்குச் சற்றேறக்குறைய 10 பேர். 2031இல் அது 18 பேராகும் என்பது நடுவணரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான்.

இதற்குமேல் அச்சமும் வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலிருந்த முதிய பெற்றோரும் மகனும் கொல்லப்பட்டனர். 2025 மே மாதம் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் தனித்திருந்த முதிய தம்பதியர் கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. கொங்குநாடு முழுவதும் தூக்கம் கெட்டது. காவல்துறை ரோந்தைக் கூட்டியது. கேமரா பொருத்துங்கள் என்று வீடுவீடாகச் சொன்னது. அச்சம் பொய்யென்று நாங்கள் சொல்லமாட்டோம். அந்த மே மாதத்தில் கடன் வாங்கிக் கேமரா மாட்டியவர்களில் நாங்களும் உண்டு.

ஆகவே எங்கள் குடும்பக் கதையையே சொல்லிவிடுகிறோம். அப்பா 2022இல் போய்விட்டார். 74 வயது அம்மா தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார். அண்ணன் பெங்களூரில், தங்கை துபாயில், நாங்கள் சேலத்தில். மூன்று வீட்டாரும் கூடிப் பேசி 46,000 ரூபாய் செலவில் அம்மாவின் வீட்டை 'ஸ்மார்ட்' ஆக்கினோம். நான்கு கேமராக்கள், ஆளசைந்தால் எரியும் விளக்குகள், கழுத்தில் தொங்கவிட்டு அழுத்தினால் எங்கள் மூவருக்கும் அழைப்பு வரும் ஒரு பொத்தான், பேசினால் பதில் சொல்லும் ஒரு பெட்டி. பெட்டிக்கு ஆங்கிலமும் இந்தியும் தெரியும். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. பேத்தி அதனோடு ஆங்கிலத்தில் பேசியதை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார். பிறகு அதன்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டார்.

கேமராதான் வீட்டை மாற்றியது. காலையில் அண்ணன் அழைப்பார்: 'ஒன்பது மணியாச்சு, இன்னும் அடுப்படிப் பக்கம் போகலையே?' நண்பகலில் தங்கை: 'வெயிலில் எதற்குக் களையெடுக்கிறீர்கள்?' மாலையில் நாங்கள். மூவரும் அன்பினால்தான் கேட்டோம். இரண்டு மாதத்தில் அம்மா திண்ணையில் காலை நீட்டி உட்காருவதை விட்டார். பழம்புடவையோடு வாசலுக்கு வருவதை விட்டார். மேற்குத் தோட்டத்து அத்தை வந்தால் இருவரும் கட்டுத்தரைக்குப் பின்னால் போய் நின்று பேசினார்கள். அங்குதான் கேமரா எட்டாது. ஒருநாள் திண்ணைக் கேமராவின்மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, 'நீங்க பாக்கறது எனக்குத் தெரியோணுமல்ல கண்ணு? கண்ணு தெரியாத எடத்துல இருந்து பாத்தா அது பாக்கறதா?' என்றார். எங்கள் முதுகலைப் பட்டங்களுக்கு இதற்கு விடை தெரியவில்லை.

அவ்வாண்டு கார்த்திகையில் விடியற்காலை பொடக்காலியில் வழுக்கி விழுந்தார். அங்கே கேமரா வைக்கக்கூடாது என்ற நாகரிகம் எங்களுக்கு இருந்தது. பொத்தான் நனைந்துவிடும் என்று சாமிபடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாயும் காக்கையும் அசைந்தால்கூட அறிவிப்பு வருகிறதென்று மூவரும் கைபேசியில் ஒலியை அடக்கி வைத்திருந்தோம். அம்மா அங்கே கிடந்தது ஏறக்குறைய ஒரு மணி நேரம். கண்டுபிடித்தவர் பால் சொசைட்டிக்குப் போகும் பெண். ஆறு மணிக்கு வெளித்திண்ணையில் இருக்கவேண்டிய பால்கேனைக் காணோமே என்று உள்ளே வந்து பார்த்திருக்கிறார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. நடந்ததை மறுநாள் கேமராப் பதிவில் தேடிப் பார்த்தோம். பால்காரப் பெண் ஓடிவருவது மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

விற்பவர் கேட்டால், பொடக்காலிக்கும் ஓர் உணர்கருவி வைத்திருக்கலாமே என்பார். வைக்கலாம். ஆனால் அதற்கு முன்பே சுவரில் ஒரு கைப்பிடியும் தரையில் வழுக்காத கல்லும் இருந்திருக்கவேண்டும் என்பது 46,000 ரூபாய் செலவழித்த எங்கள் மூவருக்கும் தோன்றவில்லையே, ஏன்? கைப்பிடி அம்மாவுக்குப் பயன்படும். கேமரா எங்களுக்குப் பயன்படும். நாங்கள் எங்களுக்கு வேண்டியதை வாங்கி அம்மாவின் வீட்டில் மாட்டினோம். எங்கள் குற்றவுணர்வுக்கு மாதச் சந்தா கட்டினோம் என்றும் சொல்லலாம்.

இதே தோட்டத்தில் வேறொரு கருவியும் உண்டு. எந்தக் கருத்தரங்கிலும் அதை 'ஸ்மார்ட் ஹோம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. கிணற்று மோட்டாரின் செல்போன் ஸ்டார்ட்டரைச் சொல்கிறோம். உழவுக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வரும். பல நாள் நள்ளிரவில் வரும். அறுபதைத் தாண்டிய மனிதர் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் கிணற்று மேட்டுக்கும் அஞ்சிப் போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வருவார். ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் அட்டையை வைத்த பிறகு, கட்டிலில் படுத்தபடி ஓர் அழைப்பு விடுத்தால் மோட்டார் ஓடுகிறது. மின்சாரம் போனால் அதுவே செய்தி சொல்கிறது. கண்பார்வை மங்கிய கடைசி ஐந்தாண்டுகளில் அப்பா விவசாயியாகவே இருந்தது அந்தப் பெட்டியால்தான். அதற்கு முகமில்லை, கொஞ்சும் குரலில்லை. அவர் சொன்னால் ஓடியது, நிறுத்தென்றால் நின்றது.

ஜப்பானைக் காட்டி எங்களை மடக்க நினைப்பவர்கள் உண்டு. உலகிலேயே மூத்த சமுதாயம், ரோபோவிலும் முன்னோடி என்பார்கள். சரி. அங்கே 2005இல் விற்பனைக்கு வந்த பாரோ என்ற கடல்நாய்க்குட்டிப் பொம்மை, தடவினால் கண் சிமிட்டிக் குரலெழுப்பும். மறதிநோய் கண்ட முதியோர் சிலரை அது அமைதிப்படுத்துவது உண்மை. நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்குவதற்கென்று கரடிமுகத்தோடு 2015இல் ரிக்கென் ஆய்வு நிறுவனம் காட்டிய ரோபேர் உலகப் புகழ் பெற்றது, ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஜேம்ஸ் ரைட் என்ற மானுடவியலாளர் அந்நாட்டு முதியோர் இல்லம் ஒன்றில் தங்கிப் பார்த்து எழுதி, 2023இல் வெளிவந்த நூலின் தலைப்பே ரோபோக்கள் ஜப்பானைக் காப்பாற்றமாட்டா என்பதுதான். தூக்கும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு திரிவதற்குள் கையாலேயே தூக்கிவிடலாம் என்று பணியாளர்கள் சில நாளில் அதை விட்டுவிட்டார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெப்பர் ரோபோவின் பக்கத்தில் ஒரு பணியாளர் நின்று தாமும் அதைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அவர் கண்டது இதுதான்: இயந்திரம் வந்ததால் வேலை குறையவில்லை, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூடிற்று. ஜப்பானைப் பற்றி நம்மவர் சொல்ல மறப்பது வேறொன்று. 2000ஆம் ஆண்டு முதல் அங்கே முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. 40 வயதானவரெல்லாம் கட்டுகிறார்கள். நாம் ரோபோவை இறக்குமதி செய்ய ஆசைப்படுகிறோம், காப்பீட்டை அல்ல.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைப்பது அறமன்று. 'மனிதர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்களே, எந்த மனிதர்?' என்று கேட்டார் கணிதத்துறைத் தோழி ஒருவர். மகன் பார்த்துக்கொள்கிறான் என்றால் மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்று பொருள். கூலியில்லை, விடுப்பில்லை. படுத்த படுக்கையான மாமியாரைப் புரட்டிப் புரட்டித் தம் முதுகையும் ஒடித்துக்கொண்ட பெண்கள் எம் ஊரில் எத்தனையோ பேர். முணுமுணுப்போடு நீட்டப்படும் கைக்காகக் காத்திருப்பதைவிட இயந்திரத்தை அழைப்பது மானத்தோடு கூடியது என்று நினைக்கும் முதியவரும் இருக்கிறார். பழங்காலம் பொற்காலமும் அன்று. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் இருந்ததை நாம் அறிவோம். இத்தனையும் ஒப்புகிறோம். தூக்கும் இயந்திரம் மலிவாக வரட்டும். முதல் மாலையை நாங்களே போடுகிறோம். சென்னை ஐஐடியில் 2019இல் வெளியிட்ட அரைஸ் என்ற எழுந்து நிற்கவைக்கும் சக்கர நாற்காலி எங்கள் இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது: அமர்ந்திருப்பவரே நினைத்தபோது எழுந்து நிற்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கடைக்கு வருவதும் விளம்பரத்தில் மின்னுவதும் இவையல்ல. தூக்குவது கடினம், பார்ப்பது எளிது. ஆகவே பார்க்கும் கருவிகளே குவிகின்றன. வாங்குபவர் மகன், பயன்படுத்தவேண்டியவர் தாய். ஆகவே மகனுக்குப் பிடித்ததையே செய்கிறார்கள். சிங்கப்பூரில் 2012 முதல் அரசு மானியத்தோடு முதியோர் வீடுகளில் கைப்பிடி பொருத்தி, குளியலறைத் தரை வழுக்காதபடி பூசித் தருகிறார்கள். அதைப் பற்றி எந்தப் பொறியியல் கல்லூரியிலும் கருத்தரங்கு நடந்து நாங்கள் கேட்டதில்லை. கைப்பிடிக்குச் செயலி கிடையாதல்லவா?

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று, பழைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியில், சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்த அழுத்த மாத்திரையோடு அம்மாவிடம் வரும் தன்னார்வலப் பெண் பத்து நிமிடம் திண்ணையில் உட்காருகிறார். சென்ற மாதம் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து மருத்துவமனைக்கு அனுப்பியவர் அவர்தான். நான்கு கேமராக்களும் அந்தக் காலை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அத்தகைய பெண்களுக்கு முறையான ஊதியம் கேட்டால் அரசிடம் நிதியில்லை என்பார்கள். முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆயிற்று. அதை வாங்கும் கிழவிக்கு எந்த ரோபோ வரப்போகிறது?

கருவி செய்பவர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. எவரேனும் பார்க்கும்போது கேமராவில் ஒரு விளக்கு எரியட்டும். அணைக்கும் பொத்தான் முதியவர் கையில் இருக்கட்டும். பெட்டி தமிழ் பேசட்டும். அதிலும் எம் அம்மாவின் கொங்குத் தமிழை அது கற்றுக்கொள்ளட்டும், அவர் அதன் மொழியைக் கற்கவேண்டாம். மின்சாரமும் இணையமும் போன மழையிரவிலும் அழைப்புப் பொத்தான் வேலை செய்யட்டும். விற்குமுன் வீட்டிலிருப்பவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது திண்ணைக் கேமராவும் அடுப்படிக் கேமராவும் இல்லை. தடத்தைப் பார்ப்பதும் கிணற்றடியைப் பார்ப்பதும் மட்டும் இருக்கின்றன. அவை வேண்டும் என்று அம்மாவே சொன்னார். பொடக்காலியில் இராசிபுரத்து வெல்டர் 2,400 ரூபாய்க்கு இரண்டு துருப்பிடிக்காத குழாய்களைப் பதித்துக் கொடுத்தார்.

குழாய் பதித்த அன்றுதான் இன்னொன்று தெரிந்தது. அப்பா போனபின் மோட்டார் ஸ்டார்ட்டரில் அவர் எண்ணை எடுத்துவிட்டு அண்ணனின் எண்ணைப் பதிந்திருந்தோம். மூன்றாண்டுக்கும் மேலாக, தம் கிணற்றுத் தண்ணீரைத் தம் தென்னைக்குப் பாய்ச்ச அம்மா பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. 'ஏம்மா சொல்லல?' என்றதற்கு, 'நீங்களாக் குடுப்பீங்கன்னு இருந்தேன்' என்றார். எண்ணை மாற்ற எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அன்றிரவு பதினொன்றரைக்கு மும்முனை வந்ததும் கிணற்றடியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.