அளந்தறிந்த பின்னரே மாற்றுக

பழைய வால்வு ஸ்டீரியோ ஆம்பிளிபையர் ஒன்றில் ஒரு பக்கத்து ஒலி குன்றிக் கரகரத்துப் பின்னர் அடங்கிவிடுமாயின், பலர் முதலில் செய்வது வெளியீட்டு வால்வை மாற்றுவதேயாகும். புதிய வால்வு சில நாட்கள் நன்கு உழைக்கும். பிறகு அதுவும் முன்னதன் கதியையே அடையும். பழுது தோன்றும் இடம் ஒன்று, அதன் காரணம் இருக்கும் இடம் மற்றொன்று என்பதை உணராமையால் பொருளும் காலமும் வீணாகின்றன. அளந்தறிவதற்கு முன் எதனையும் மாற்றலாகாது என்னும் ஒழுக்கம் பழுதுபார்ப்போருக்கு மட்டுமன்றி, விஞ்ஞானம் பயிலும் மாணவர் அனைவருக்கும் உரியதாகும்.

இவ்வொழுக்கத்தைக் கற்பிப்பதற்கு ஸ்டீரியோ ஆம்பிளிபையரைப் போல் ஏற்ற கருவி வேறொன்றைக் காண்பது அரிது. அதனுள் ஒரே அமைப்புடைய பெருக்கிகள் இரண்டு அருகருகே உள்ளன. ஆகவே நலமாயுள்ள பக்கம், பழுதுற்ற பக்கத்தை ஒப்பிட்டு நோக்குவதற்கு அளவுகோலாக அமைகிறது. மின்சுற்று வரைபடம் காணாமற் போயிருப்பினும் பெரிதும் கவலையில்லை.

மின்சாரத்தை நிறுத்தி, இசைத்தட்டுக் கருவியிலிருந்து வரும் இரு கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்துவதே முதற் சோதனை. பழுது மறுபக்கத்திற்குச் சென்றால் குறை ஆம்பிளிபையருக்கு வெளியே உள்ளது. செல்லாவிடின், அவ்வாறே ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அப்போதும் அதே பக்கம் மௌனமாயிருப்பின் குறை பெட்டியின் உள்ளேதான் இருக்கிறது. திருகாணி ஒன்றையும் கழற்றாமலே கிடைக்கும் முடிவு இது.

உள்ளே செய்யும் சோதனைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். EL84 என்னும் வால்வு ஒவ்வொன்றின் கேத்தோடிலும் 270 ஓம் மின்தடை பொருத்திய கருவியில், நலமான பக்கத்தில் அம்மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 10 வோல்ட்டும், பழுதுற்ற பக்கத்தில் 16 வோல்ட்டும் காணப்படுகின்றன என்று கொள்வோம். ஓம் விதிப்படி முன்னதில் 37 மில்லி ஆம்பியரும் பின்னதில் 59 மில்லி ஆம்பியரும் பாய்கின்றன. ஆனோடில் 300 வோல்ட் இருப்பின், பழுதுற்ற வால்வு ஏறத்தாழ 16 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியதாகும். அதன் ஆனோடிற்கு விதிக்கப்பட்ட உச்ச அளவோ 12 வாட் மட்டுமே. வால்வு விரைவிற் கெடுவதன் காரணம் இப்போது விளங்குகிறது.

அம்மிகுதிக்குக் காரணம் யாது? மின்சாரத்தை நிறுத்தி வால்வை எடுத்துவிட்டு, மீண்டும் மின்சாரம் செலுத்திக் கிரிட் முனையின் வோல்ட்டேஜை அளக்க வேண்டும். அங்கு நேர் வோல்ட்டேஜ் தென்படின், முந்திய வால்விலிருந்து ஒலியைக் கொணரும் இணைப்புக் கண்டென்சர் கசிகிறது என்பது உறுதி. எதுவும் தென்படாவிடில் ஐயம் வால்வின் மீதே திரும்பும். சிறு கண்டென்சர் ஒன்றின் குறைக்காக விலையுயர்ந்த வால்வு பலியாவதை இவ்வொரு சோதனை தடுத்துவிடும்.

பழைய கண்டென்சர்கள் அனைத்தையும் ஒருங்கே மாற்றிவிடுதலே எளிதென்று வாதிடுவோரும் உளர். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் காலப்போக்கில் உலர்ந்து வலுவிழப்பது உண்மையாதலால், அவ்வாதத்தை முற்றிலும் புறக்கணிக்க இயலாது. எனினும் இருபது உறுப்புக்களை ஒரே நாளில் மாற்றியவர், எது குறையுடையது என்பதை ஒருகாலும் அறியார். மாற்றும்போது புதிய பிழையொன்று புகுந்துவிடின் அதனையும் கண்டறிய மாட்டார். ஒன்றை மாற்றி, அளந்து, குறித்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்வதே தக்க நெறியாகும்.

இங்கு எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கண்டென்சரில் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்; அது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். 50 மைக்ரோபாரட் கண்டென்சரை 10,000 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றின் வழியே சில வினாடிகள் வடியவிட்டு, வோல்ட்டேஜ் அடங்கியதை மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே கை வைத்தல் வேண்டும். திறந்த பெட்டியில் மின்சாரம் இருக்கும்போது, பயிற்சி பெற்ற ஆசிரியரே அளவிடுதல் வேண்டும். மாணவர் விலகி நின்று அளவுகளைக் குறித்துக்கொள்வது போதுமானது.

பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அக்காலத்து வால்வுகள் இன்று எளிதில் கிடைப்பனவல்ல. பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய மத்திய அரசு 2022-இல் குழுவொன்றை அமைத்தது. உரிமை கிட்டினும் திறன் இல்லையேல் பயனில்லை. அத்திறன் சட்டத்தால் வருவதன்று, பயிற்சியால் வருவது. பள்ளியின் மூலையில் பழுதுற்றுக் கிடக்கும் கருவியைக் கழிவென்று அனுப்புமுன், அதன் இரு பக்க அளவுகளையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதி, அவை எங்கு வேறுபடுகின்றன என மாணவரைக் கேட்கும் ஆசிரியர், அத்திறனுக்கு வித்திட்டவராவார்.