எதைப் பார்த்து ஒளிர்ந்தாய்?



காலில் முள் குத்தினால் மறுநாள் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். தோலுக்கு மேலே தெரிவது அவ்வளவுதான். உள்ளே, ஓடிவந்த நியூட்ரோபில் வெள்ளையணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உடம்பு உப்பின் குளோரைடையும் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரித்துக்கொண்டிருக்கும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்தால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். (சீழ் லேசாகப் பச்சையாக இருப்பதற்கு இந்த அமிலத்தைத் தயாரிக்கும் நொதியின் நிறமும் காரணம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்!)

இப்படி உண்டாகும் பொருள்களை அளப்பதுதான் பெரும்பாடு. அழற்சியில் சுரக்கும் இன்னொரு பொருளான நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளில் மறைந்துவிடும். ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவதற்குள் ஆளே இருக்காது. பிறந்த இடத்திலேயே பிடித்தாக வேண்டும். அதே நைட்ரிக் ஆக்சைடு ஆய்வுக்கு நோபல் பரிசு கிடைத்த 1998இல், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டெட்சுவோ நாகானோ குழு அதற்கொரு சாயம் தந்தது. 1871இல் அடால்ஃப் வான் பேயர் உருவாக்கிய புளோரசெசீன்தான் மூலப்பொருள். விழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கண் டாக்டர் தொட்டு வைக்கும் ஆரஞ்சுச் சாயமும் அதுவே. அதில் இரண்டு அமைன் தொகுதிகளைப் பொருத்தினால் ஒளி அடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நைட்ரிக் ஆக்சைடு வந்தால் அந்த இரண்டும் இணைந்து வளையமாகி, பச்சை ஒளி வெளிப்படுகிறது.

ஒளிர்ந்தால் மட்டும் போதுமா? ஆய்வகங்களில் வெகுகாலமாகப் புழங்கும் டிசிஎஃப் சாயம், ஆக்சிஜனேற்றும் பொருள் எது வந்தாலும் மினுங்கும். நுண்ணோக்கியின் விளக்கொளி பட்டாலே மினுங்கிவிடும். என்னைக் கேட்டால், இத்துறையின் அழகான வேலை 2003இல் நாகானோ குழு வெளியிட்ட சாய ஜோடிதான்: ஏபிஎஃப், ஹெச்பிஎஃப். ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற ஆக்சிஜனேற்றும் பொருளுக்கு இரண்டுமே ஒளிரும். ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு முன்னது மட்டுமே. ஒன்று ஒளிர்ந்து மற்றது இருண்டிருந்தால் வந்தது யாரென்று தெரிந்துவிடும்.

இந்த இதழின் அழற்சிக் கட்டுரையில் அந்த ஜோடியை விளக்கும் இரண்டு படங்களை அருகருகே போட்டிருக்கிறோம். வலப்பக்கம் வெறும் கறுப்பாகத்தான் இருக்கும். அச்சுப்பிழை என்று அலுவலகத்துக்குப் போன் செய்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்