‘அப்’ என்றால் மேலே மட்டுமா?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘அப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டால், ‘மேலே’ என்று தயங்காமல் சொல்லும். விடை சரியானதே. ஆனால் அப்பிள்ளையின் தகப்பனார் வேலை செய்யும் அலுவலகத்திலும், தாயார் சீட்டோடு காத்திருக்கும் மருத்துவமனையிலும், குடும்பம் குடியிருக்கும் வாடகை வீட்டிலும் இச்சொல் பல வேளைகளில் வேறு பொருளில் வருகிறது. அதை அறியாதவர்களுக்கு நேரும் சங்கடம் சிறியதல்ல.

வாடகை வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மும்பை போன்ற நகரங்களில் வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கு எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். வீட்டுக்காரர் ஒருநாள் தொலைபேசியில், “யுவர் லீஸ் இஸ் அப் இன் மார்ச்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ரெண்ட் இஸ் அப்’, ‘பிரைஸ் இஸ் அப்’ என்று கேட்டுப் பழகிய காது, மார்ச் மாதத்தில் வாடகை ஏறப்போகிறது என்றே எடுத்துக்கொள்ளும். அவர் சொன்னதோ, மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது என்பது. கூடுதல் வாடகைக்குப் பணம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம், உண்மையில் வேறு வீடு தேடத் தொடங்கியிருக்கவேண்டும். அல்லது புதுப்பித்துத் தரும்படி அப்பொழுதே கேட்டிருக்கவேண்டும்.

இவ்விரண்டு பொருள்களையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. கூடவும் குறையவும் கூடிய ஒன்றைப்பற்றிப் பேசும்போது, அதாவது விலை, சம்பளம், உடற்சூடு ஆகியவற்றைப்பற்றிப் பேசும்போது, ‘இஸ் அப்’ என்றால் உயர்ந்திருக்கிறது என்று பொருள். இத்தனை நாள் என்று வரையறுக்கப்பட்ட ஒன்றைப்பற்றிப் பேசும்போது, அதாவது தேர்வு நேரம், விடுமுறை, ஒப்பந்தம் ஆகியவற்றைப்பற்றிப் பேசும்போது, முடிந்துவிட்டது என்று பொருள். தேர்வுக்கூடத்தில் ‘டைம் இஸ் அப்’ என்றவுடன் பிள்ளைகள் எழுதுகோலைக் கீழே வைப்பது இதனாலேயே. ஆளைப்பற்றிச் சொன்னாலோ, ‘ஹீ இஸ் அப்’ என்றால் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார் என்று பொருள்!

மேலே என்ற சொல்லுக்குள் முடிவு எப்படி நுழைந்தது? குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துப்பாருங்கள். தண்ணீர் மேலே ஏறி வாயைத் தொட்டவுடன் குடம் நிறைந்தது, வேலையும் முடிந்தது. இப்படிப் பார்த்தால் ‘ஃபில் அப்’ என்பதில் இரண்டு பொருளும் ஒன்றாய் இருப்பது விளங்கும். ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’ ஆகியவற்றில் மேலே போவது ஒன்றுமில்லை. மீதியில்லாமல் முடிப்பது மாத்திரமே இருக்கிறது.

இது நமக்கு அந்நியமான காரியம் அன்று. “பாலைக் குடித்துவிடு” என்று தாய் சொல்லும்போது, அந்த ‘விடு’ எதை விடச் சொல்லுகிறது? ஒன்றையும் இல்லை. குடிப்பதை முடிக்கச் சொல்லுகிறது. “கடிதத்தைக் கிழித்துப்போட்டான்” என்பதிலுள்ள ‘போடு’ என்பதும் அவ்வாறே. நம் இலக்கண ஆசிரியர்கள் இவற்றைத் துணைவினை என்பார்கள். ஆங்கிலத்தின் ‘அப்’ பல இடங்களில் நம் ‘விடு’ செய்யும் வேலையையே செய்கிறது. ஆகவே ‘டிரிங்க் அப் யுவர் மில்க்’ என்பதை ‘பாலை மேலே குடி’ என்று மனதில் மொழிபெயர்த்துத் திகைக்கவேண்டாம். குடித்துவிடு என்று எடுத்துக்கொண்டால் போதும். எல்லா ‘அப்’ இதற்குள் அடங்காது என்றாலும், பாதி பாரம் இறங்கும்.

மீதிப் பாதி ஆங்கிலேயருக்கே தலைவலிதான். சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற அகராதியின் முன்னுரையில், வினைச்சொல்லோடு இப்படிப்பட்ட சிறு சொற்கள் ஒட்டிப் பொருள் மாறும் தொடர்களே அயலாருக்கு மிகக் கடினமானவை என்று எழுதிவைத்தார். நம் திகைப்புக்கு அத்தனை பெரிய அறிஞரின் சான்று இருக்கிறது.

மருத்துவமனையில் கவனம் இன்னும் அதிகமாய்த் தேவை. குழந்தையைத் தூக்கிச் சென்ற தாயிடம் மருத்துவர், “ஹேஸ் தி ஃபீவர் லெட் அப்?” என்று கேட்கலாம். காய்ச்சல் தணிந்ததா என்பதே கேள்வி. ‘அப்’ என்று காதில் விழுந்ததைக்கொண்டு, ஏறியிருக்கிறதா என்று கேட்கிறார் என நினைத்து ‘யெஸ்’ என்று சொன்னால், உண்மைக்கு நேர் எதிரான செய்தி மருத்துவரிடம் போய்ச் சேரும். ‘டிட் ஹீ த்ரோ அப்?’ என்றால் வாந்தி எடுத்தானா என்பது. ‘ஃபாலோ அப்’ என்று சீட்டில் எழுதியிருந்தால், குறித்த நாளில் மறுபடியும் காண்பிக்கவேண்டும். ‘ப்ரிங் அப்’ என்பதற்குப் பிள்ளையை வளர்ப்பது என்று நாம் படித்திருக்கிறோம். அதுவே மருத்துவர் வாயில், குடித்த பாலோ சளியோ வாய்வழியே வெளிவருவதைக் குறிக்கும். கூட்டத்தில் மேலாளர் வாயில், ஒரு காரியத்தைப் பேச்சுக்கு எடுப்பதைக் குறிக்கும்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 4 மணிக்கு இருந்த கூட்டம் ‘மூவ்ட் அப்’ என்று அறிவிப்பு வந்தால், அது தள்ளிப்போகவில்லை. முன்னதாக, 3 மணிக்கோ 2 மணிக்கோ வந்துவிட்டது. அமெரிக்க நிறுவனங்களோடு வேலை செய்கிறவர்கள் இதை அடிக்கடி காண்பார்கள். நம் நாட்டில் இதற்கென்றே ‘ப்ரீபோன்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. அதை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், குழப்பமில்லாத நல்ல சொல் அது. ‘புட் அப் தி ஃபைல்’ என்றால் கோப்பை அதிகாரியின் பார்வைக்கு வை என்று அர்த்தம். அதைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடாதீர்கள். ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது. ஆனால் நம்மில் பலர் சொல்லும் ‘கோப் அப் வித்’ என்பது வழு. ‘கோப் வித்’ என்றே சொல்லவேண்டும். அங்கே ‘அப்’புக்கு இடமில்லை.

கடைப் பலகைகளில் 50 சதவீதம் என்று பெரிதாய் எழுதி, அதன் அருகே பொடி எழுத்தில் ‘அப் டு’ என்று போட்டிருப்பார்கள். ‘வரை’ என்பது அதன் பொருள். ஏதோ ஒரு பொருளுக்கு 50 கிடைக்கும். மற்றவற்றுக்கு 10 கிடைத்தாலும் கேட்கமுடியாது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘அப் டு 25,000’ என்று கண்டு ஊரிலிருந்து தம்பியை அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள், ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் கேட்டறிவது நலம்.

இரயிலில் இச்சொல்லுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் இலண்டனை நோக்கிச் செல்வது ‘அப்’. இலண்டனிலிருந்து வெளியே செல்வது ‘டவுன்’. மும்பை புறநகர் வண்டிகளிலும் சர்ச்கேட்டையோ சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தையோ நோக்கி வருவது ‘அப்’ என்றும், விரார், கல்யாண் பக்கம் போவது ‘டவுன்’ என்றும் வழங்குகின்றன. வரைபடத்தில் விரார் மேலே, வடக்கில் இருக்கிறது. ஆயினும் அங்கே போகிறவர் ‘டவுன்’ வண்டியில்தான் ஏறவேண்டும். இந்தி பேசுவோர் தினமும் வேலைக்குப் போய்வருவதையே ‘அப்-டவுன் கர்னா’ என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

பேசும்போது நினைவில் வைக்க ஒன்று. ‘பிக் அப் தி பேக்’ என்றும் ‘பிக் தி பேக் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பையின் பெயரைச் சொல்லாமல் ‘இட்’ என்று சொன்னால், ‘பிக் இட் அப்’ என்பது மாத்திரமே சரி. கேட்கும்போதும் ஒன்று: இத்தொடர்கள் வினையாய் வரும்போது அழுத்தம் பெரும்பாலும் ‘அப்’ மேல் விழும், ‘ஃபாலோ-அப்’, ‘செட்-அப்’ என்று பெயர்ச்சொல்லாகும்போது முதற்சொல்மேல் விழும். வீட்டுக்காரரின் தொலைபேசிப் பேச்சில் அந்தக் கடைசி ‘அப்’ தெளிவாய்க் கேட்டும் பொருள் ஐயமாய் இருந்தால், “டு யூ மீன் இட் எண்ட்ஸ் இன் மார்ச்? ஆன் விச் டேட்?” என்று உடனே கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.