ஒரே நாளில் 2 அடிக்கல்: பாம்பனில் ரயில் ஓடுது... தனுஷ்கோடி ரயில் என்ன ஆச்சு?

2019 மார்ச் 1. கன்னியாகுமரியில் நடந்த விழாவில் பிரதமர் மோடி 2 ரயில் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார். ஒன்று, பாம்பன் புதிய பாலம். இன்னொன்று, ராமேஸ்வரம் - தனுஷ்கோடி ரயில் பாதை. பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டு, ரயிலும் ஓடுது. ஆனா தனுஷ்கோடி பாதை கைவிடப்பட்டுவிட்டது.

ஒரே தீவு, ஒரே விழா. பிறகு ஏன் இப்படி? தனுஷ்கோடியில் இருக்கிற மீனவக் குடும்பங்களுக்கு இதனால என்ன? பார்க்கலாம்.

பாம்பனுக்கு பணம் வந்தது எப்படி?

பழைய பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. உப்புக்காற்றில் நூறாண்டு தாண்டி நின்ற பாலத்தில், பாதுகாப்புக் காரணங்களால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அடுத்த 2 வருஷத்துக்கும் மேல தீவுக்குள் ரயிலே வரலை. 1988-ல் திறந்த சாலைப் பாலம் பக்கத்தில் இருந்ததால்தான் மக்கள் சமாளிச்சாங்க.

ஏற்கெனவே ஓடிய பாதை, ஆண்டு முழுக்க வரும் ராமேஸ்வரம் பக்தர்கள், பாதுகாப்பு பிரச்னை என மூன்று காரணமும் வலுவாக இருந்தன. ஆரம்பத்தில் சுமார் 250 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்ட செலவு, முடியும்போது 550 கோடியைத் தாண்டியது. ஆனாலும் வேலை நிற்கவில்லை.

தனுஷ்கோடியில் தடுத்தது எது?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பாதையும் ஊரும் அழிந்தன. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. அதன் பிறகு, மனிதர்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் மட்டும் கடலை விட்டுப் போகவில்லை.

சுமார் 18 கி.மீ. நீளத்துக்கு 208 கோடி ரூபாயில் பாதையை மீண்டும் போடுவதுதான் திட்டம். புதிய பாதைக்கு நிலம் வேணும். அதை எடுத்துத் தர வேண்டியது மாநில அரசு. சுற்றுச்சூழல் காரணங்களைச் சொல்லி, திட்டம் வேண்டாம் என மாநில அரசு கேட்டுக்கொண்டதால் கைவிட்டதாக ரயில்வே விளக்கம் தந்தது.

இந்தக் காரணத்தை சும்மா தள்ளிவிட முடியாது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒல்லியான மணல் திட்டு. இங்கே 524.7 ஹெக்டேர் பரப்பை, பூநாரை சரணாலயமாக 2025 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது.

அப்போ மக்களுக்கு?

அவங்களுக்கு பெரிய மாற்றம் 2017-ல் வந்துவிட்டது. முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதுவரை மணலில் திணறிப் போகும் வேன், ஜீப்தான் வழி. இன்று பேருந்தே போகுது. சுற்றுலா வண்டிகளும் குவியுது.

சிக்கல் எங்கே என்றால், நிதி ஒதுக்கும் முறையில். ரயில்வே பணம் ரயிலுக்கு மட்டும்தான். 208 கோடி திட்டம் ரத்தானதும், அந்தப் பணம் பேருந்தாகவோ ஆம்புலன்ஸாகவோ தனுஷ்கோடிக்குத் திரும்பி வராது. அதெல்லாம் வேறு துறை, வேறு கோப்பு. திட்டம் ரத்தாகலாம், மக்களோட தேவை ரத்தாகாது.

இன்னொன்று, பாலமும் சாலையும் ஒருமுறைச் செலவு. அதற்கு அடிக்கல், திறப்பு விழா எல்லாம் உண்டு. பள்ளிக்கூட நேரத்துக்கு ஒரு பேருந்து, அதிகாலையில் மீனைச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு வண்டி, ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஒரு ஆம்புலன்ஸ் என்பது ஒவ்வொரு வருஷமும் செய்ய வேண்டிய செலவு. கூட்டம் குறைவு, வசூலும் குறைவு. டிக்கெட் வருமானத்தை மட்டும் பார்த்தால் கடைக்கோடி ஊர் எப்பவும் தோற்கும்.

அடுத்த முறை கேட்க வேண்டியது

தூரத்துக் கடலோர ஊருக்குப் புதுத் திட்டம்னு அறிவிப்பு வந்தால், எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல் இந்த 3 கேள்வியையும் கேளுங்க:

1. தினமும் போய் வரப்போவது யார்? ஊர் மக்களா, சுற்றுலாப் பயணிகளா?
2. திறந்த பிறகு வருஷா வருஷம் ஆகும் செலவு யாருடையது?
3. இந்த ஒரு வழி அடைபட்டால் மாற்று வழி இருக்கா?

பாம்பனில் ரயில் நின்றபோது மூன்றாவது கேள்விக்குப் பதிலாக சாலைப் பாலம் இருந்தது. தனுஷ்கோடிக்கு இன்னைக்கும் இருப்பது அந்த ஒரே சாலைதான்.