கல்லைப் பார்த்தோம், தோட்டத்தை மிதித்தோம்

மாத்தளை மாவட்டத்துத் தமிழர்களாகிய நாம் சீகிரியாவுக்குப் போகாதவர்கள் அல்லர். பாடசாலைச் சுற்றுலா என்றால் முதலில் வரும் பெயரே அதுதான். இனாமலுவைச் சந்தியில் பஸ் திரும்பியதும் எல்லார் கண்ணும் சீகிரியாக் கல்லின் மேல். வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய்விட வேண்டுமென்று ஆசிரியர்கள் விரட்டுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள்.

அந்த ஓட்டத்தில் நாம் மிதித்துக்கொண்டு போவது, 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் தன் தலைநகருக்குள் அமைத்த நீர்த்தோட்டம். ஆசியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய தோட்டங்களில் ஒன்று. நமக்கோ அது, இறங்கி வந்தபின் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற இடம்.

நடைபாதையோரம் ஆழமில்லாத ஓடையொன்று வளைந்து போகிறது. அதில் வட்டமான சுண்ணக்கல் தட்டு. தட்டில் ஒழுங்காகத் துளைகள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதுதான் நீரூற்று. நிலத்தடிக் கால்வாயில் வரும் தண்ணீர், மேட்டிலிருந்து இறங்கும் அமுக்கத்தாலேயே துளை வழியே மேலெழும். மோட்டார் கிடையாது. நல்ல மழைக்காலத்தில் இன்றும் அது வேலை செய்கிறது. நீர் அமுக்கத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய நாம், சொந்த மாவட்டத்தில் 1500 ஆண்டுகளாக இருக்கும் இந்தக் கல்லைக் காட்டிப் பாடம் நடத்தவில்லை.

ஏன்? 'அது சிங்களவர்களுடைய ராஜா கட்டியது' என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தோம். கோப்பித் தோட்டக் காலத்தில் வேலைக்காக நம் மூதாதையர் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நடந்து வந்த மண்ணில் இருப்பதை நம்முடையதல்ல என்று எப்படி நினைத்தோம்?

அந்த அலட்சியத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2015இல் கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம்பெண், சீகிரியாவில் கண்ணாடிச் சுவர் எனப்படும் பழைய சுவரில் எழுதியதற்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்தார். தண்டனை கொடியதென்று பேசினோம்; கொடியதுதான். ஆனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காத நமது குற்றத்தைப் பேசவேயில்லை.

இந்த டிசம்பரில் போகிற ஆசிரியர்களே, பெற்றோரே, முடிந்தால் மழை விட்ட நாளாகப் பார்த்துப் போங்கள். படியேறுமுன் அரை மணிநேரம் பிள்ளைகளை அந்தத் துளைக்கல்லருகே நிறுத்தி, தண்ணீர் எப்படி வருகிறதென்று அவர்களையே சொல்ல விடுங்கள். கொண்டுபோன பொலித்தீனையும் திருப்பிக் கொண்டு வாருங்கள்.