ஒரு மனுவை ஒருமுறைதான் தருவோம்

நாங்கள் வழக்காடிகள், இளம் வக்கீல்கள், குமாஸ்தாக்கள். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் மனுவும் வாய்தாவுமாக நாளைக் கழிப்பவர்கள். இன்று ஓர் இயக்கமாகக் கூடுகிறோம். எங்கள் முதல் கொள்கை: இணையத்தில் தாக்கலான மனுவை மறுபடி தாளில் கேட்கக் கூடாது.

மின்னணு ஆவணம் செல்லும் என்று 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2006இல் இணையவழித் தாக்கலைத் தொடங்கியது. மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட தொகை 7,210 கோடி ரூபாய். இத்தனைக்கும் பிறகு, பல நீதிமன்றங்களில் மனுவை ஸ்கேன் செய்து ஏற்றிய கையோடு அதே கட்டைக் கவுன்டரிலும் நீட்ட வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் இதில் குறையில்லை.

உத்தரவு போய்ச் சேருவதில் ஆகும் தாமதம் இதைவிடக் கொடியது. 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்த 13 பேர், உத்தரவுப் பிரதி வரவில்லை என்பதால் ஆக்ரா மத்தியச் சிறையிலேயே கிடந்தார்கள். குற்றம் நடந்தபோது அவர்கள் சிறார்கள். நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரித்தது. 2022 மார்ச் 31 அன்று ‘ஃபாஸ்டர்’ ஏற்பாடு வந்தது. இப்போது உத்தரவின் மின்பிரதி பாதுகாப்பான வழியில் நேரே சிறைக்குப் போகிறது. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு முடிவது, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து கிளைச் சிறைக்கு முடியாதா? சில ஊர்களில் இரண்டும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு வழக்குக்கும் உரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் அடுத்த வாய்தா தெரிகிறது. நல்லது. ஆனால் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். வழக்கின் நிலவரமும் தமிழில் வரட்டும். நீதிபதி விடுப்பு என்று முந்தின நாளே தெரிந்தால் குறுஞ்செய்தி வரட்டும். கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறவர் வாசலில் வந்து அதை அறியக் கூடாது.

சாட்சி விசாரணையையும் காணொலித் திரைக்கு மாற்றுவதா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. குறுக்கு விசாரணையில் சாட்சியை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள் எங்களில் மூத்தவர்கள். அவசரப்பட்டு அதைத் தொட மாட்டோம்.

கைப்பேசி இல்லாதவர் தாளில் தந்தால் நீதிமன்றமே அதைக் கட்டணமின்றி ஏற்றித் தர வேண்டும். அந்த வேலைக்குக் குமாஸ்தாக்களைப் பயிற்றுவிக்கலாம். அவர்களை வெளியே தள்ளும் சீர்திருத்தம் எங்களுக்கு வேண்டாம்.

இணையத்தில் தாக்கலான பிறகும் தாள் கேட்கும் நீதிமன்றங்களை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்திடம் கொடுப்போம். கொடுப்பதும் இணையவழியில்தான்.