குரல் மட்டும் மிஞ்சியவள்

பத்து வயதில் நூலகத்தில் இரவல் வாங்கி, பிறகு சொந்தமாகவும் வாங்கிய புத்தகம்: இங்ரி, எட்கர் டோலேர் தம்பதியர் எழுதி வரைந்து, 1962இல் வெளிவந்த கிரேக்கப் புராணக் கதைகள்.

அதில் எக்கோ என்றொரு வனதேவதை. வாயாடி. ஹீராவைப் பேச்சில் இழுத்து வைத்து, அவள் கணவர் ஸீயஸ் நழுவ வழிசெய்தாள். கோபத்தில் ஹீரா சபித்தாள்: பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டுமே இனி நீ திருப்பிச் சொல்வாய். நார்சிசஸை நேசித்தும் எக்கோவால் அதைச் சொல்ல முடியவில்லை. ஏங்கி உருகிக் குரலாக மட்டும் மிஞ்சினாள்.

நேயர்களே, உங்களுக்கு நானும் வெறும் குரல்தான். விளம்பரம், அறிவிப்பு எல்லாம் பிறர் எழுதித் தந்தவை. அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒரு வாக்கியமாவது நானே யோசித்துப் பேசுகிறேன். அது வராத நாளில், வீட்டுக்கு வந்ததும் எக்கோவின் பக்கத்தைப் புரட்டுவேன்.